இருபத்தெட்டாம் தவணை

பிரியாவிடைக்கு அச்சடித்த மடலில்
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
பிறந்தது தம்பலகாமம். சட்டம் படித்தது கொழும்பில்.
பொத்துவிலில் நீதவான், மன்னாரில் மாவட்ட நீதிபதி,
பிறகு ஒன்பது வருஷம் இங்கே,
திருகோணமலை மேல் நீதிமன்றம்.
கனம் நீதிபதி அருந்தவமலர் சின்னராசா.
பெயரில் ஒரு 'ல' விடுபட்டிருந்தது.
நூற்றிருபது மடலிலும் பேனையால் செருகியது நான்.

நான் அவருடைய சுருக்கெழுத்தாளன்.
மரண தண்டனை சொல்லும் நாளென்றால்
முதல்நாள் இரவிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்.
மடலில் அது இல்லை.
பிஸ்காலின் ஸ்கூட்டர்ப் பெட்டியிலிருந்த அழைப்பாணையை
கோட்டையடி மானொன்று தின்றுவிட்டதென்று
சத்தியக் கடதாசி வந்தபோது,
மேசைக்குக் கீழே குனிந்து
பேனை தேடுவதுபோல் சிரித்தார்.
நிமிர்ந்து,
"சேர்ப்பித்ததாகக் கொள்ள முடியாது" என்றார்.
அதுவும் இல்லை.

ஓர் ஆட்கொணர்வு மனு இருந்தது.
மனுதாரர் காளியப்பு வள்ளிப்பிள்ளை,
பிள்ளையார் கோவிலடி, கட்டைபறிச்சான் தெற்கு, மூதூர்.
சைக்கிள் டியூப் வாங்கப் போன மகன்.
தவணைக்குத் தவணை முதல் படகில் வருவாள்.
கையில் ஒரு பொலித்தீன் பை,
அதற்குள் இன்னொரு பை,
அதற்குள் அவனுடைய அடையாள அட்டையின் பிரதி.
அரச தரப்புக்கு ஆவணம் வந்து சேரவில்லை.
சாட்சிக்கு இடமாற்றம்.
ஒருமுறை மின்சாரம் இல்லை.
இருபத்தேழு தவணை.

இருபத்தெட்டாவதில்
முதலியார் வாசலில் நின்று மும்முறை கூப்பிட்டார்.
விறாந்தையில் யாரோ தன் பெயரோ என்று எழும்பி
திரும்ப உட்கார்ந்தார்.
"படகு பிந்தியிருக்கலாம்" என்றார் நீதிபதி.
சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடச் சொன்னார்.
மூன்று மணிக்கு இன்னொரு தரம்.
காற்றேயில்லாத நாள். உட்துறைமுகம்
தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.
எந்தப் படகும் பிந்தவில்லை.
அரச சட்டவாதி மணிக்கூட்டைப் பார்த்தார்.
என் விரல்கள் காத்திருந்தன.

மனுதாரர் தோற்றவில்லை. மனு தள்ளுபடி.

நாலே சொல்.
வழக்கமாக ஒரு பந்தியாவது காரணம் சொல்லுவார்.

அவள் செத்துப் பன்னிரண்டு நாளாகிறதென்று
அடுத்த கிழமை கிராம சேவகரின் கடிதம் வந்தது.
வாசித்தார். சின்னக் கையெழுத்து. திகதி.
கோவையில் துளையிட்டுக் கட்டி வைத்தேன்.

உங்களுக்கு ஆகக் கடினமான தீர்ப்பு எது என்று
பிரியாவிடையில் இளம் சட்டத்தரணி ஒருவர் கேட்டார்.
உப்புவெளி ஆட்டுக்கள்ளனின் கதையைச் சொன்னார்.
கைதட்டினார்கள். ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் விடிய, தொலைபேசி.
"அந்த விலாசம் உங்களுக்கு நினைவிருக்கோ?"
எந்த விலாசம் என்று நான் கேட்கவில்லை.
கொடுக்க எனக்கு அதிகாரமில்லை,
கேட்க அவருக்கும், நேற்று நாலரை மணியிலிருந்து.
இருபத்தெட்டு முறை தட்டச்சிட்டவன்
கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

ஏனென்று தெரியாமல் இறங்குதுறைக்கு நானும் போனேன்.
மீன்பெட்டிக்காரனுக்கும் ஒரு டீச்சருக்கும் நடுவே
வரிசையில் ஒன்பதாவதாக நின்றார்.
கத்தரிப்பூ நிறச் சேலை; அவரை நான்
நிறத்தில் கண்டதே இல்லை.
யாரும் எழும்பவில்லை,
எழும்ப அங்கே இருக்கையும் இல்லை.
கையில் ஒரு பை.
உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது.

கொப்பியில் பதிகிறவன் தலை நிமிராமல்
"பேர்?" என்றான்.
அவர் ஒருகணம் பின்னால் திரும்பிப் பார்த்தார்,
யாரோ கூப்பிடவேண்டியிருப்பதுபோல.
பிறகு சொன்னார்.

அவன் அருந்தவராணி என்று எழுதினான்.
அவர் திருத்தவில்லை.
படகு நேரத்துக்கே வெளிக்கிட்டது.